பாசி மெத்தையில் ஒற்றை முட்டை

கீரிப்பாறைக்கு மேலே ஒரு கிராம்புத் தோட்டத்தில் ஞானதாசன் வேலை செய்கிறார். மரம் ஏறிக் கொப்பு வெட்டியே பாதி வயதைக் கழித்தவர். இத்தனை காலத்தில் ஒரு பறவைக் கூட்டையும் தட்டி விட்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மாசியில் ஒருநாள், தோட்டத்தை ஒட்டிய காட்டு வழியில் காற்றுக்கு ஒடிந்து தொங்கிய கொப்பை அறுக்கப் போனார். கூட வேலை பார்க்கும் செல்வன் கீழே நின்றான். வாளை இழுக்கத் தொடங்கியதும் பக்கத்துக் கொப்பிலிருந்து மரப்பட்டை ஒன்று பெயர்ந்து பறந்தது. பட்டை எங்கே பறக்கும்? எட்டிப் பார்த்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு பாசி மெத்தை. அதில் வெள்ளையாக ஒரே முட்டை.

“என்ன அண்ணே?”

“கூடாக்கும் மக்கா. என்ன பறவைன்னு பிடிகிடைக்கல்ல.”

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வேலையை அப்படியே விட்டு இறங்கிவிட்டார். தான் மரத்தை ஆட்டியதில் அது முட்டையைக் கைவிட்டுப் போய்விட்டதோ என்று மனசு கிடந்து அடித்தது. மகளுடைய அறிவியல் டீச்சர் ரேஷ்மி, லீவு நாளில் கேமராவோடு காட்டுக்கு வருகிறவர். சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு நடந்து அவருக்குப் படத்தை அனுப்பினார். டீச்சர் உடனே கூப்பிட்டார்.

“பறந்தது எப்படி இருந்துச்சு அண்ணா?”

“காஞ்ச பட்டை மாதிரி. அடுத்த மரத்துல போய் இருந்தப்பம் பாத்தேன், தவளை வாய் கணக்கா அகல வாய்.”

“அப்ப தவளைவாயன்தான். ஒரே முட்டைதான் இடும். பகல்ல ஆண் அடைகாக்கும், ராத்திரி பெட்டை வரும்.”

“இனி வருமா டீச்சர்?”

“கிட்டப் போகாம இருந்தா வரும்னு நெனைக்கேன்.”

மேலாளர் அனில்குமாரும், குஞ்சு பறந்த பிறகு அறுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் ஞானதாசனுக்கு மதியச் சோறு இறங்கவில்லை. தூரத்துப் பாறை மறைவில் நின்று பார்த்தார். கொப்பின்மேல் காய்ந்த மரமுண்டு ஒன்று, அண்ணாந்தபடி. காலையில் அங்கே முண்டு எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். முண்டு மெல்லக் கண்ணைத் திறந்து மூடியது.

ஞானதாசன் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். வளைவுக்கு வந்து, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி பெபிஷாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“பெட்டைக்கும் நைட் டூட்டிதானா?” என்று தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள் அவள். “நீங்க சாப்பிட்டீளா?”

“இனிதான்,” என்றவர் தூக்குவாளியைத் திறந்தார்.