கீழ ஆள் இருக்கா?

கழுவிய தட்டை மேல் அலமாரியில் வைக்கப் போனாலும் சரி, மழைக் கோட்டை ஆணியில் மாட்டப் போனாலும் சரி, "கீழ ஆள் இருக்கா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார் உச்சாணி. கீழே யார் இருக்கப் போகிறார்கள்? பக்கத்து வீட்டுப் பூனை இருந்தால், அது மட்டும் மரியாதைக்காக இரண்டடி நகர்ந்துகொள்ளும்.

டவர் கிரேன் ஓட்டுபவர். இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்துகொண்டு, கம்பிக்கட்டையும் கலவைத் தொட்டியையும் கொக்கியில் தூக்கி, சொன்ன இடத்தில் இறக்க வேண்டும். இறக்குவதற்கு முன் வாக்கி-டாக்கியில் அதே கேள்வி. "இருக்கு" என்று கீழேயிருந்து பதில் வந்துவிட்டால் போதும், மேஸ்திரி குதித்தாலும் என்ஜினீயர் கத்தினாலும் சுமை அந்தரத்திலேயே தொங்கும். இத்தனை வருஷத்தில் ஒரு ஆளின் மேல் ஒரு சல்லிக்கல் விழுந்ததில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

பயமா? அவருக்கா? புயல் காற்றில் கூண்டு ஆடினால், "தொட்டில் மாதிரி இருக்கும். தூக்கம்தான் வரும்" என்பார். ஒருமுறை ஆணி செருப்பைத் துளைத்து, பாதத்தைத் துளைத்து, மேலே எட்டிப் பார்த்தது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "டீ வந்தாச்சா?" என்று கேட்டவர் அவர். சைட்டில் இதைக் கதையாகச் சொல்லிக் கொண்டாடுவார்கள். வீட்டு அம்மணிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

"நெஞ்சழுத்தம் புடிச்ச மனுஷன். நாளைக்கு நானே போய்ச் சேர்ந்தாலும் டீ வந்தாச்சான்னுதான் கேப்பாரு." இருபத்தேழு வருஷத்துப் புலம்பல் இது.

இப்பேர்ப்பட்டவர் விழுந்தது எங்கிருந்து தெரியுமா? சமையலறை ஸ்டூலிலிருந்து. பல்பு மாற்ற ஏறினார். ஸ்டூலின் ஒரு காலில் ஆட்டம் என்பதால் அம்மணி கீழே பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பார்த்து உச்சாணி அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார். ஸ்டூல் ஒரு பக்கம் சாய, அம்மணியின் மேலேயே போய் விழுந்தார். இவருக்கு மணிக்கட்டு ஒடிந்தது. அம்மணியோ சுவரில் தலை மோதி, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். ஒரு நிமிஷம்தான். இடக்கையால் உலுக்கினார், தண்ணீர் தெளித்தார், மறுபடியும் உலுக்கினார். கண்ணைத் திறந்த அம்மணி கேட்ட முதல் கேள்வி, "பல்பு உடைஞ்சிடுச்சா?"

ஆஸ்பத்திரியில் அம்மணி ஒரு புடைப்போடு தப்பித்தார். இவருக்குத்தான், மாவுக்கட்டு போடும்போதே குப்பென்று வியர்த்து நெஞ்சைப் பிடித்தது. மாரடைப்பு என்று அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். குழாய் விட்டுப் பார்த்தால் அடைப்பு ஒன்றும் இல்லை. இதயத்தின் நுனிப்பக்கம் மட்டும் சரியாகச் சுருங்காமல், பானை மாதிரி உப்பிப் போயிருந்தது.

"அடிபட்டவங்க சிலருக்கு இப்படி ஆகும். அதிர்ச்சியில இதயத் தசை மிரண்டு போயிடும். பெரும்பாலும் சில வாரத்துல சரியாகிடும்," என்றார் இதய டாக்டரம்மா. "வலியாலயும் வரலாம், பயத்தாலயும் வரலாம். உங்களுக்கு எது?"

"வலிதான்."

ஆணிக்கு டீ கேட்ட மனுஷனை அம்மணி ஏற இறங்கப் பார்த்தார்.

சைட்டில் செய்தி பரவாமல் இருக்குமா? "அண்ணன் ஸ்டூலைப் பார்த்து மிரண்டுட்டாராம்!" டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் மறுபடியும் ஏணியில் கால் வைக்கலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதுவரை வாசலில் நாற்காலி போட்டு, வரும் லாரிகளுக்கு ரசீது கிழிக்கும் வேலை. அவருடைய கூண்டில் வேறு யாரோ. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "என் சீட்டைப் பின்னாடி தள்ளியிருப்பான், படுபாவி" என்று மறுகுவார். வீட்டுக்கு வந்தால் அம்மணியின் விசாரணை.

"எதுக்குங்க பயந்தீங்க?"

"யாரு பயந்தா? வலி."

எட்டு வாரம் கழித்து மறுபடியும் இதயத்தைப் பார்த்தார்கள். உப்பல் வடிந்து ஒழுங்காகத் துடித்தது. டாக்டரம்மா பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், நிறுத்திவிட்டார்.

"விழுந்த பயத்துல வந்ததுன்னா, அவ்வளவு உயரத்துக்கு உங்களை அனுப்ப எனக்குத் தைரியமில்ல. உண்மையைச் சொல்லுங்க, எதுக்குப் பயந்தீங்க? வலின்னு மட்டும் சொல்லாதீங்க. அன்னைக்கு வலி மாத்திரையே வேணாம்னு சொல்லியிருக்கீங்க. இதோ, எழுதியிருக்கு."

வசமாக மாட்டிக்கொண்டார். விழுந்ததற்குத்தான் என்றால் கூண்டு போச்சு. இல்லையென்றால் இருபத்தேழு வருஷத்து நெஞ்சழுத்தம் போச்சு. பக்கத்து நாற்காலியில் அம்மணி வேறு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உச்சாணி தொண்டையைச் செருமினார். சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"விழுந்ததுக்கு இல்ல டாக்டர்," என்றார் தரையைப் பார்த்து. "கீழ ஆள் இருந்துச்சு."

டாக்டரம்மா புரியாமல் விழித்தார்.

"அது நான்தான் டாக்டர்," என்றார் அம்மணி, கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டே. "நீங்க கையெழுத்தைப் போடுங்க."

எட்டு வாரமாக இருட்டில் கிடந்த சமையலறைக்கு அன்று சாயங்காலம்தான் புது பல்பு வந்தது. உச்சாணி ஸ்டூலை இழுத்துப் போட்டார். அம்மணி வழக்கம்போலப் பிடிக்க வந்தார். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பல்பை அம்மணியின் கையில் கொடுத்தார்.

"நீ ஏறு."

அம்மணி ஏறினார். மூன்றடி உயரத்தில் நின்றுகொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அசல் அவர் குரலிலேயே கேட்டார்: "கீழ ஆள் இருக்கா?"

"இருக்கு," என்ற உச்சாணி, ஆடும் காலைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு, ஸ்டூலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார்.