வன்னிக்கு வைத்த போத்தல்

கிளிநொச்சி நீர்ப்பாசனக் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தபோது எங்கள் எஞ்சினியருக்கு இடமாற்றம் வந்தது. மலைநாட்டுக்காரர். பியர் என்றால் அவருக்கு உயிர். பிரியாவிடைக்கு மாலையும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்றுவிட்டார். கள்ளும் பியர்தான், ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் பியர் இருக்கிறது, நாட்டின் பகுதிக்கு ஒன்றாக மேசையில் வையுங்கள், எல்லாவற்றிலும் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகிறேன் என்றார்.

தெரிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. மலைநாட்டுக்குப் போத்தல் பியர். மேற்குக் கரைக்குத் தென்னங்கள்ளு. சப்பிரகமுவவுக்குக் கித்துள் மரத்துக் கள்ளு. கிழக்குக்கு எதை வைப்பது என்று இரண்டு நாள் இழுபட்டு, அதற்கும் தென்னங்கள்ளே என்று முடிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பனங்கள்ளு என்பதில் பேச்சே இல்லை. கடைசியில் வன்னி என்று எழுதினேன். தலைமைக் கிளாக்கர் அதை வெட்டினார்.

"வன்னியும் வடக்குத்தானே, தம்பி. யாழ்ப்பாணத்துக் கள்ளு ரெண்டுக்கும் காணும்."

"நாங்கள் இருக்கிறது இஞ்சைதானே, ஐயா."

"இஞ்சை என்ன கிடக்கு? காய்ச்சலும் ஆனையும். வேணுமெண்டா நீரே தேடிக்கொண்டு வாரும்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் கண்டாவளைக்குப் போய் மரம் சீவுகிற ஒருவரிடம் கள்ளுக் குடிப்பதுண்டு. நாற்பது வயதிருக்கும். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். தீட்டிக்கொண்டிருந்த பாளைக்கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்கடை கள்ளையோ? எஞ்சினியர் ஐயாவுக்கோ?"

"ஓம். வன்னிக்கெண்டு எழுதி வைப்பன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "அப்பிடியெண்டா நாலு மரத்துக் கலந்த கள்ளுத் தரேலாது, ஐயா. குளத்தடியிலை ஒரு மரம் நிக்குது. அதை வீட்டுப் பாவனைக்குத்தான் இறக்கிறனான். அதின்ரை ருசி தனி. வெள்ளிக்கிழமை விடிய வாங்கோ," என்றார்.

அடுப்படியில் நின்ற மனைவி எட்டிப் பார்த்தார். "அது எல்லாத்திலும் உயர்ந்த மரம். சித்திரை மழையும் பெய்யுது. வழக்கமான மரத்துக் கள்ளுப் போதாதே?" என்று கேட்டார். கணவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். தலைமைக் கிளாக்கரின் முகம் நினைவில் நின்றது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிய மழை விட்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது குளத்தடியில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். அவர் மரத்தடியில் மல்லாந்து கிடந்தார். நினைவு இருந்தது. சுற்றிவரக் கள்ளு மணம்.

"கள்ளு முட்டி உடைஞ்சு போச்சு, ஐயா," என்றார்.

வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவருடைய காலைத் தொட்டுக்கொண்டே வந்தேன். தொடுவது தெரிகிறதா என்று கேட்டேன். எதை என்று அவர் கேட்டார்.

பின்னேரம் பிரியாவிடைக்குப் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன். மேசையில் எல்லாப் பகுதிக்கும் போத்தல் இருந்தது, வன்னிக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்த கள்ளைத் தலைமைக் கிளாக்கர் இரண்டாகப் பிரித்து ஊற்றி, ஒன்றில் குடாநாடு என்றும் மற்றதில் வன்னி என்றும் கடதாசி ஒட்டியிருந்தார். கித்துள் புளித்துப் போயிருந்தது. எஞ்சினியர் ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டு வந்தார். அந்த இரண்டையும் மாறி மாறி இரண்டு தரம் குடித்துப் பார்த்துவிட்டு, வன்னிக் கள்ளுத்தான் ஒரு படி மேல் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான்கு மாதம் கழித்துக் கண்டாவளைக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனியும் வராது என்று சொல்லியிருந்தார்கள். நான் போனபோது பாயில் கிடந்தார். முதுகில் படுக்கைப் புண். மனைவி வயல் வேலைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட மூத்த பிள்ளையும் தாயோடு களை பிடுங்கப் போயிருந்தாள்.

"அண்டைக்கு எங்கடை இடத்துக்கு என்ன வைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒண்டும் வைக்கேல்லை. வெறுமையா விட்டனாங்கள்."

"அதுதான் சரி," என்றார். அவருடைய முகத்தில் தெரிந்த திருப்தியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் எடுப்பதுபோல எழுந்து வெளியே போனேன்.

அவருடைய மனைவிக்குக் கந்தோரில் கூட்டித் துடைக்கிற வேலையாவது கொடுக்கச் சொல்லி மூன்று தரம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. புதிய இடத்துக்குப் போயிருந்த எஞ்சினியருக்கும் எழுதினேன். மிகவும் வருந்துவதாக எழுதியிருந்தார். அந்தக் கள்ளின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

பிறகு எனக்கும் வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. விழுந்த மூன்றாம் வருட மாரிமழைக் காலத்தில் கண்டாவளைக்காரர் இறந்துபோனார். எனக்குத் தெரியவரும்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. கண்டாவளைக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. தாயும் பிள்ளைகளும் செட்டிகுளம் பக்கம் வயல் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று அயலில் சொன்னார்கள்.

செட்டிகுளம் வவுனியாவிலிருந்து தூரமில்லை. பஸ்சில் போய் அன்றைக்கே திரும்பலாம். வவுனியாவில் நான் ஆறு வருடம் இருந்தேன். ஒருநாளும் போகவில்லை.