யாருமே தொட்டுப் பார்க்காத கால்

போன சனிக்கிழமை மாலை அடையாறில் ஒரு கூட்டம். மருத்துவ ஆராய்ச்சியில் என்ன நடக்கிறது என்று பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப்போவதாக அழைப்பிதழில் போட்டிருந்தது. நமக்குப் புரிய வைக்க ஒருவர் முன்வந்தால் போகாமல் இருக்கலாமா? போனேன்.

ஒரு பெண் விஞ்ஞானி ஸ்லைடு போட்டுக் காட்டினார். கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட நரம்பு செல்கள். முதல் படத்தில் வெறும் புள்ளி. அடுத்த படத்தில் அந்தப் புள்ளியிலிருந்து மெல்லிய இழை ஒன்று. அதற்கடுத்ததில் அந்த இழை பக்கத்து செல்லைத் தேடிக்கொண்டு போகிறது... ஹாலே கை தட்டியது. நானும்தான்.

என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் தட்டவில்லை. அவர் ஃபிலோமினா டீச்சர். சாந்தோம்காரர். என் மகளுக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். கேள்வி நேரம் வந்ததும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"மேடம், செல் வளருதுன்னு காட்டினீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா என் கால் போயிக்கிட்டிருக்குன்னு ஒரு பேஷன்ட் பதினாறு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தா, அதைக் காது கொடுத்துக் கேக்கறதுக்கு ஏதாவது ஆராய்ச்சி நடக்குதா?"

தலைமை வகித்த பெரிய டாக்டர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அம்மா, பர்சனல் விஷயமெல்லாம் மீட்டிங் முடிஞ்சப்புறம் பேசிக்கலாம். அடுத்த கேள்வி, ப்ளீஸ்."

பர்சனலாம்! தட்டில் செல் வளர்ந்தால் அது ஊருக்கே விஷயம். ஒரு மனுஷியின் கால் போனால் அது பர்சனல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பர்சனல் விஷயத்தை அப்படியே இங்கே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். டீச்சரிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்க சார். தப்பில்லாம எழுதுங்க" என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் காலை. டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறார். கேட் வரை போன பிறகுதான் தெரிந்தது, இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்று விழுந்தது என்றே தெரியவில்லை! ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த மாதம் பெசன்ட் நகர் மாதா கோயில். உச்சி வெயில். வெறுங்காலோடு நின்ற கூட்டம் முழுக்கத் தரை சுட்டுக் குதித்தது. டீச்சர் மட்டும் சுட்ட இடது காலைத் தூக்கிக்கொண்டு, வலது காலிலேயே அசையாமல் நின்றார். வலது பாதத்துக்குச் சூடே தெரியவில்லை. "பார்த்தவங்க எல்லாம் எனக்கு அவ்வளவு பக்தின்னு நினைச்சிருப்பாங்க சார்" என்று இப்போது சொல்கிறார்.

லஸ் பக்கத்தில் இருந்த குடும்ப டாக்டரிடம் போனார். டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் காத்திருந்தால், உள்ளே மூன்று நிமிடம். "மரத்துப் போகுதா? சத்துக் குறைவு." வைட்டமின் மாத்திரை எழுதினார். அது தீர்ந்ததும் மறுபடி வைட்டமின். கொஞ்சம் கலர் மாற்றி.

பிறகு தி. நகரில் ஓர் எலும்பு நிபுணர். முட்டியை எக்ஸ்ரே எடுத்தார். உடம்பைக் குறைக்கச் சொன்னார். அவருக்குப் பிறகு ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் இன்னொரு நிபுணர். அவரிடம் டீச்சர் கணக்கு டீச்சருக்கே உரிய ஒழுங்கோடு சொல்லியிருக்கிறார். இடது கால் இழுக்கிறது, ஆனால் சூடு தெரிகிறது. வலது கால் நன்றாக நடக்கிறது, ஆனால் சூடு தெரியவில்லை.

அந்த மகானுபாவர் சிரித்தாராம். "ஒரு கால்னா சரி. ரெண்டு காலும் ரெண்டு விதமாப் பேசுதுன்னா அது மனசும்மா. இந்த வயசுல பெண்களுக்கு டென்ஷன் வரும்." தூக்க மாத்திரை.

ஐம்பத்தோரு வயதுப் பெண் எதைச் சொன்னாலும் டென்ஷனா? அது என்ன எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி?

டாக்டர்களை மட்டும் திட்டித் தப்பிக்க எனக்கு உரிமை இல்லை. ஒருநாள் கச்சேரி ரோட்டில் டீச்சர் மெதுவாக நடந்து வருவதைப் பார்த்து, "வயசாகுது டீச்சர். நாம என்ன ஓட்டப்பந்தயத்துக்கா போறோம்?" என்று ஜோக் அடித்தவன் நான். அன்று அவர் சிரிக்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தவர் ஒரே ஒருவர்தான். தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் கபாலி. "இன்னா டீச்சர், காலை இழுத்துக்கினு வர்றீங்க? போன தீபாவளி வரைக்கும் நல்லா ஏறிக் குந்துவீங்க, இப்ப கையால காலைத் தூக்கி வெக்கிறீங்க. எங்க மாமாவுக்கு இப்டிதான் இருந்திச்சு. முதுகுல இன்னாவோ கீதுன்னு பெரியாஸ்பத்திரில கண்டுபுடிச்சாங்க. வாங்க, நான் இட்டுக்கினு போறேன்."

போனார். அரசு ஆஸ்பத்திரி, வெளிநோயாளிப் பிரிவு. கூட்டம் நெரிந்தது. மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர் டீச்சரைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். ஊக்கால் லேசாகக் குத்திக் குத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று வயிறு வரை கேட்டுக்கொண்டே வந்தார். கைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பாதத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தார். இடது கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது. கீழே மடங்கியிருக்க வேண்டுமாம்.

"அம்மா, உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்ல. தண்டுவடத்தை ஏதோ அழுத்துது. ரெண்டு காலும் ரெண்டு விதமா இருக்குன்னு சொன்னீங்களே, அதேதான் அடையாளம். இதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லலையா?"

டீச்சர் அந்தக் கட்டிலில் படுத்தபடியே அழுதாராம். வியாதி என்று கேட்டு அழவில்லை. நம்பினார்களே என்று!

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற சாதுவான கட்டி. ஆபரேஷன் செய்து முழுசாக எடுத்துவிட்டார்கள். வலது கால் சரியாகிவிட்டது. இடது கால் பாதிதான் திரும்பி வந்தது. அந்தக் காலோடு நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நிற்க முடியாது. வேலையை விட்டுவிட்டார்.

இனி அடையாறுக்கு வருகிறேன். கூட்டம் முடிந்ததும் அந்த விஞ்ஞானி நேராக எங்களிடம் வந்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "எங்க லேப்ல ஒரு செல்லுக்கு அடிபட்டா நாங்க கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டேதான் வேலை செய்வோம். லேட்டானா எங்களாலயும் வளர வைக்க முடியாது. அந்தப் பதினாறு மாசத்தை என்னால திருப்பித் தர முடியாது டீச்சர். நீங்க கேட்டதுக்கு மேடையிலயே பதில் சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

தப்பே செய்யாதவர் மன்னிப்புக் கேட்டார். செய்தவர்கள்?

அது டீச்சருக்கும் தோன்றியிருக்க வேண்டும். திங்கட்கிழமை, யாரையும் துணைக்கு அழைக்காமல், லஸ் டாக்டரிடம் போயிருக்கிறார். வழக்கம்போல டோக்கன், காத்திருப்பு. உள்ளே போனதும் டாக்டர் குனிந்தபடியே பேனாவை எடுத்தார்.

"மருந்து வேணாம் டாக்டர். என் காலைப் பாருங்க. அதுக்குத்தான் வந்தேன்."

நடந்ததை எல்லாம் சொன்னார். டாக்டர் கேட்டதும் சொன்ன பதில்: "அடடா... அன்னைக்கே தெளிவா சொல்லியிருக்கலாமேம்மா."

டீச்சர் பையைத் திறந்தார். அந்த டாக்டரே எழுதிக் கொடுத்த பழைய சீட்டுகள், தேதி வாரியாக. எல்லாவற்றிலும் மேல் வரியில், டாக்டரின் சொந்தக் கையெழுத்தில், இடது கால் இழுக்கிறது, வலது கால் மரத்துப் போகிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. காதால் கேட்டு, கையால் எழுதி, அதற்குக் கீழேயே வைட்டமினும் எழுதியிருக்கிறார்!

டாக்டர் ஒவ்வொரு சீட்டாகப் படித்தாராம். பிறகு, "காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று எழுந்து வந்தார். இந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

மன்னிப்பு? கேட்கவில்லை. டீச்சரும் எதிர்பார்த்துப் போகவில்லை. வெளியே வந்தவர் ஆட்டோவுக்காக வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்து உள்ளே போனவருக்கு வெறும் ஜலதோஷம்தான். அவர் வெளியே வர இருபது நிமிடம் ஆனதாம்!