முப்பத்திரண்டு பக்தர்களும் ஒரு பந்தியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சபாபதி நேரில் ஒரே ஆள்தான். கைப்பேசிக்குள் அவர் முப்பத்திரண்டு பேர். சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் சுகாசினி, திருத்தணியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், துபாயிலிருந்து வாரந்தோறும் பக்தியில் உருகும் எலக்ட்ரீஷியன் என்று ஒவ்வொருவருக்கும் ஊர், வயது, வியாதி, வேண்டுதல் எல்லாம் அவர் கற்பித்தவை. சுகாசினிக்குத் தீராத ஒற்றைத் தலைவலி இருந்தது. மௌனச்சுடர் சுவாமிகளின் திருநீற்றால் அது தீர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிறகு அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது பெயர் சூட்டியவரும் சபாபதியே.

ஐயம்பேட்டைச் சாலையில் உள்ள மௌனச்சுடர் ஆன்மிக சபையின் செய்திப் பிரிவில் இதுதான் அவருடைய உத்தியோகம். புலவர் பட்டத்துக்குப் படித்தவர்; அச்சகமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். சேர்ந்த புதிதில் சுவாமிகளின் உரைகளைப் பிழை நீக்கித் தந்தால் போதும் என்றார்கள். பிறகு அந்த உரைகளுக்குக் கீழே நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். அடுத்து, அந்த நாலு வார்த்தையை நாலு பேர் பெயரில் எழுதச் சொன்னார்கள். உண்மையான மனிதர் எவராவது ஒற்றை நட்சத்திரம் போட்டுக் குறை சொல்லிவிட்டால், முப்பத்திரண்டு பேரும் ஐந்து நட்சத்திரங்களோடு அவர் தலைமேல் ஏறி நிற்க வேண்டும். குறை, பக்கத்தின் அடியில் போய்ப் புதைந்துவிடும். சபையில் இதற்குத் 'திருப்பணி' என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சபாபதிக்கு நாக்கின் அடியில் கசப்பு ஊறும். ஆனாலும் மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வளைந்து கொடுத்ததில்லை. முப்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட ஒற்றுப்பிழை செய்ய மாட்டார்கள். 'எனக்குக் கிடைத்த', 'அருளைப் பெற்றேன்' என்று வல்லினம் மிக வேண்டிய இடத்திலெல்லாம் தவறாமல் மிகும். பிரிவின் பொறுப்பாளன் பிரேம்நாத்துக்கு இது பெருந்தொல்லை.

"சார், துபாய் எலக்ட்ரீஷியன் இப்டியா சார் எழுதுவான்? தமிழ்ப் பரீட்ச பேப்பர் மாதிரி இருக்குது. ரெண்டு மிஸ்டேக் உடுங்க சார். அப்பதான் ஒரிஜினலா இருக்கும்."

"எழுதறது பொய் தம்பி. அதையாச்சும் ஒழுங்கா எழுதறேனே."

"உங்கள வெச்சிக்கினு நான் படற பாடு இருக்குதே, வாத்தியாரே!" என்று பிரேம்நாத் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான்.

சித்திரைப் பௌர்ணமியன்று சபையில் சமபந்தி விருந்து நடந்தது. 'இங்கே பேதமில்லை' என்ற தலைப்பில் முகநூலில் நேரலை. தலைப்பை எழுதியவர் சபாபதி. ஏழு ஆண்டுகளாகச் சபைக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் கங்கையம்மாள் அன்றும் விடியற்காலையில் வந்து வேலையை முடித்தார். பிறகு, "சமபந்தின்னா நானுந்தானே?" என்று சொல்லிக் கைகால் கழுவிக்கொண்டு, வரிசையின் கடைசி இலையில் உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை எடுக்கும் நேரத்தில், கேமராவுக்குப் பின்னாலிருந்து பிரேம்நாத் ஓடி வந்து அவர் காதருகே குனிந்தான்.

"ஆயா, கொஞ்சம் எய்ந்துக்கோ. அயுக்குப் பொடவ ஃப்ரேம்ல வருது. அடுத்த பந்தில குந்திக்கலாம்."

பந்தியில் உட்கார்ந்தவரைச் சாப்பாட்டுக்கு நடுவே எழுப்புவதும் செருப்பால் அடிப்பதும் இந்த ஊரில் ஒன்றுதான். கங்கையம்மாள் பிசைந்த கையோடு எழுந்து நின்றார். அவருடைய இலையை மடித்தெடுத்துவிட்டுப் புது இலை போட்டு, சரிகை மின்னும் புடவை கட்டிய பெண்ணொருத்தியை அங்கே உட்கார வைத்தார்கள். மூன்று இலைகள் தள்ளிச் சபாபதி உட்கார்ந்திருந்தார். அனைத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தம் கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாளே கங்கையம்மாள் வேலையிலிருந்து நின்றுகொண்டார். ஷேர் ஆட்டோ ஓட்டும் மகன் கமல் தாயைப் பேசச் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடித்து முகநூலில் போட்டான். "சமபந்தின்னாங்க. பொடவ அயுக்கா இருக்குதுன்னு எய்ப்பி உட்டாங்க. அப்பறம் இன்னாத்துக்குபா அந்தப் பேரு?" அவ்வளவுதான் பேச்சு. மாலைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

சபை பதறியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று எவரும் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. போன பொங்கலுக்குச் சுவாமிகள் கையால் கங்கையம்மாள் புடவை வாங்கிய படத்தைப் பிரேம்நாத் தேடி எடுத்தான். அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஃபோட்டோ கீழ ஆயாவே எழுதன மாதிரி ஒரு லெட்டர் சார். என்னை யாரும் எழுப்பல, பையன் பேச்சக் கேட்டு உளறிட்டேன், சாமி மன்னிக்கணும். அவ்ளோதான். இதுல மட்டும் கண்டிப்பா மிஸ்டேக் வேணும் சார், ப்ளீஸ்."

கிழவியைப் பொய்க்காரியாக்கி அவர் தெருவிலேயே நிறுத்தும் வேலை இது. சபாபதிக்கு அதைச் செய்யவும் மனமில்லை; வேலையை உதறிவிட்டு எழுந்து போகவும் துணிவில்லை. தட்டச்சுப் பலகையின்மேல் விரல்களை வைத்தவருக்கு அப்போது ஓர் உபாயம் தோன்றியது. 'அன்றைய பந்தியினின்றும் என்னை எவரும் எழுப்பினாரல்லர்' என்று தொடங்கினார். ஒற்று ஒன்றுகூட விடாமல், காற்புள்ளி அரைப்புள்ளி தவறாமல், பண்டிதர்களும் குறை காண முடியாத பதினோரு வரிகளை எழுதி முடித்தார். பிரேம்நாத் அவசரத்தில் படம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, கடிதத்தைப் படிக்காமல் பதிவேற்றினான்.

அரை மணி நேரத்தில் கமலின் பதில் வந்தது. 'எங்கம்மா கைநாட்டு. கைநாட்டு எழுப்பினாரல்லர்னு எழுதுமா? இத எழுதன புலவர் யாருப்பா, கொஞ்சம் வெளிய வாங்க.'

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சரிகை அசலா போலியா என்று சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்த்துப் பழகிய ஊர். சபையின் பக்தர்களையும் ஒவ்வொருவராகச் சுரண்டத் தொடங்கியது. 'துபாய் எலக்ட்ரீஷியனும் அதே பள்ளிக்கூடம்தான் போல' என்று ஒருவர் எழுதினார். மறுநாள் நண்பகலுக்குள் கடிதம் காணாமற்போயிற்று.

சபாபதி நெடுநாளுக்குப் பிறகு தேநீரை ருசித்துக் குடித்தார். தாம் செய்த உதவியைக் கங்கையம்மாளிடம் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை உந்த, மாலையில் அவருடைய வீடு இருந்த காலனிக்குப் போனார். கங்கையம்மாள் வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கமல் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கங்கையம்மா, அந்த லெட்டர எழுதினது நான்தான். வேணும்னேதான் அப்படி எழுதினேன். படிச்ச உடனே பொய்னு தெரியட்டும்னு."

"ஓ, புலவர் நீங்கதானா?" என்றான் கமல்.

கங்கையம்மாள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "படிச்சவங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னா தெரியும்? படிச்சுக் காட்டு."

கமல் தன் கைப்பேசியில் சேமித்திருந்த கடிதத்தை நீட்டினான். சபாபதி படித்தார். முதல் வரியிலேயே கங்கையம்மாள் கை காட்டி நிறுத்தினார்.

"எய்ப்பினா... இன்னாது?"

"எழுப்பினாரல்லர்."

"அப்டின்னா?"

"எழுப்பலைன்னு அர்த்தம்."

கங்கையம்மாள் காயைக் கீழே வைத்தார். "எய்ப்பலன்னு எய்திக்கீற. மூணு எல தள்ளி நீதானே குந்திக்கினு இருந்த, வாத்தியாரே? நா எய்ந்து செவுத்தோரம் நின்னுக்கினு இருக்கச்சொல்ல நீ பாயசம் ரெண்டாந்தபா கேட்டு வாங்கன."

அது உண்மை. பாயசத்தில் முந்திரி நிறைய இருந்ததுகூடச் சபாபதிக்கு நினைவிருந்தது.

"வெளயாட்டா எய்துனியோ, வேணும்னு எய்துனியோ, எம்பேர்ல பொய் சொன்னது நீதான். பாத்தத உம்பேர்ல எய்து. அதுல ஒரு தப்பு ரெண்டு தப்பு இருந்தா நா கேக்க மாட்டேன்."

முப்பத்திரண்டு கணக்குகள் வைத்திருந்த சபாபதிக்குத் தம் பெயரில் ஒரு கணக்கு இல்லை. அந்த வாசலிலேயே உட்கார்ந்து தொடங்கினார். கமலின் பதிவுக்குக் கீழே எழுதினார்: 'நான் சபாபதி. சபையில்தான் வேலை செய்கிறேன். கங்கையம்மாளை எழுப்பினார்கள். நான் அந்த பந்தியில் இருந்தேன்.'

அனுப்பிய பிறகுதான் 'அந்த'வுக்குப் பின்னால் 'ப்' விடுபட்டது கண்ணில் பட்டது. திருத்த விரல் போனது. அதற்குள் பதில் வந்துவிட்டது.

முகப்பில் மல்லிகைப் பூப் படம். அவர் தேடித் தேர்ந்தெடுத்த படம். சுகாசினி.

'இது போலி கனக்கு. போட்டோ கூட இல்ல பாருங்க. அன்னைக்கு நானும் பந்தில இருந்தேன் அப்படி எதுவும் நடக்கல. சாமி சத்தியம்.'

தொடர்ந்து திருத்தணித் தலைமையாசிரியர் வந்தார். துபாய் எலக்ட்ரீஷியன் வந்தான். எல்லோர் எழுத்திலும் இப்போது பிழைகள் தாராளமாக இருந்தன. எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களும் பிரேம்நாத்திடமும் இருந்தன; அவன் விரல்கள் வேகமானவை. சுகாசினியின் வரிக்குக் கீழே ஊர்க்காரர்கள் சிலர், 'ஆமாம், இவன் பேக் ஐடிதான்' என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் உண்மையான மனிதர்கள். சபாபதிக்கு இரண்டு பேரைத் தெரியும்.

கமல் பதில்களை ஒவ்வொன்றாக வாசிக்க, கங்கையம்மாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு வாத்தியாரே அந்த சுகாசினி? நா பாத்ததே இல்லியே. எந்த எலையில குந்திக்கினு இருந்தா?"

"பாயசம் கேட்ட எலையிலதான்மா" என்றார் சபாபதி. "அவ நான்தான்."