அவர் பேரில் போன மெயில்

தேங்காய்த்திட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யார் எவருடைய பெட்டியைத் திறக்கலாம், எவர் பேரில் எழுதலாம் என்று அனுமதி போடுவேன். மத்தியானங்களில் ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒன்றாகக் கரைந்து கிடக்கும். ஏசி குளிரில் திரையில் நகரும் பெயர்களைப் பார்த்தபடி பாதித் தூக்கத்தில் மிதப்பேன். அப்போது எவனாவது போன் செய்தால் எரிச்சலாக வரும்.

அன்று ஆளே வந்து நின்றார். எங்கள் கம்பெனியில் பிரான்சுக்கு இறால் விற்றுவந்தவர் மாரடைப்பில் போய்விட, வாரிசு வேலையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்த அவருடைய மனைவி.

“அவரு மெயிலப் படிக்க முடியுது சார், அனுப்பத்தான் முடியல. சாயங்காலத்துக்குள்ள பதில் போகலன்னா பிரான்சு பார்ட்டி வேற எடம் பாத்துக்குவாரு. அந்த ஆர்டர் போச்சுன்னா என் வேலையும் போச்சுன்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

படிக்கும் அனுமதி மட்டும்தான் போட்டிருந்தேன். ‘அவர் சார்பாக’ என்று இந்தம்மா பேரில் போகும்படி மாற்றிக் காட்டினேன்.

“இல்லாதவருக்கு ஏது சார் சார்பு? அவரு பேர்லயே போவட்டும்.”

செய்யக்கூடாத வேலைதான். அந்த முகத்தைப் பார்த்து எவன் முடியாது என்பான்? அவர் பேரிலேயே போக அனுமதி போட்டேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்; மடமடவென்று தட்டினார். விலை, எடை, கப்பல். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. மெயிலின் அடியில் கணவர் பெயர் தானாக வந்து நின்றது.

“அத எடுத்துட்டு உங்க பேரப் போடுங்கம்மா.”

“ஐயய்யோ! அவரு பேர வாயாலகூட சொன்னதில்ல. கையால எப்படி சார் அழிக்கிறது?”

அப்படியே அனுப்பினார். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. படித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்னம்மா, ஆர்டர் போச்சா?”

“கெடச்சிடுச்சு சார். ‘நண்பா, நீ உயிரோடதான் இருக்கியா! செத்துட்டன்னு எவனோ சொன்னான், உக்காந்து அழுதேன்’னு எழுதியிருக்காரு.”

தூரத்தில் ஏதோ படகின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அந்த அறையில் அந்த மனிதர் உயிரோடுதான் இருந்தார். கலைக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதுவரை ஒரு மெயிலும் அனுப்பியிராத தன் சொந்தப் பெட்டியைத் திறந்தார்.

“இத அவரு பேர்ல எழுத முடியாதில்ல சார். அழுதவரு சரியாத்தான் அழுதிருக்காருன்னு நான்தான சொல்லணும்.”