உமெஹாரா சாப்பிடக் கூப்பிட்டால்

சிக்னல் விளக்கு மாறுவதற்குள் யாரோ ஒருவர் சாலையில் கால் வைக்க, உமெஹாராவின் வலக்கை விருட்டென்று மேலே போனது. எதிராளி முந்தி ஓடினால் ஆஃப்சைடு கேட்டுக் கேட்டுப் பழகிய கை. கூப்பிட்டதாக நினைத்து ஒரு டாக்ஸி வந்து நின்றது. அவர் ஓட்டுநரிடம் மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

பதினோரு வருடம் தடுப்பாட்டக்காரர். இப்போது தேசிய மகளிர் கால்பந்து அணியின் பயிற்சியாளர். ஆடிய காலத்தில் அடித்தது இரண்டே கோல். இரண்டும் எதிரணியின் வலைக்குள்தானா என்று கேட்டால், "மழை வரும் போலிருக்கே" என்பார். எந்தக் கடையிலும் சுவரோரமாகத்தான் உட்காருவார். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருத்தியை அணியிலிருந்து நீக்குவதென்றால் ஃபோனில் சொல்ல மாட்டார். பயிற்சி மையத்துக்குப் பின்னாலிருக்கும் கடைக்கு அழைத்துப்போய், உதோன் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்துத்தான் சொல்வார். "காலி வயித்துல கெட்ட சேதி கேக்கக் கூடாதும்மா." அதனால் அவர் சாப்பிடக் கூப்பிட்டாலே பெண்கள் சிதறி ஓடுவார்கள். போன மாதம் கோல்கீப்பர் கோதோனேயை அழைத்தார். அவள் அழுதுகொண்டே பெட்டியைக் கட்டி, ககோஷிமாவிலிருக்கும் அம்மாவுக்கும் தகவல் சொல்லிவிட்டாள். "பொறந்தநாளும்மா! உன் பொறந்தநாளுக்குத்தான் கூப்பிட்டேன்!" என்று தாழ்வாரம் நெடுகக் கத்திக்கொண்டு ஓடினார்.

உலகக் கோப்பை அணிப் பட்டியலை அறிவிக்க ஒருநாள்தான் பாக்கி. தடுப்பாட்டத்தில் ஓர் இடம் மிச்சமிருந்தது. தடுப்பாட்டக்காரி நாட்சுயோவுக்கு முப்பத்துமூன்று வயது, முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. இது தவறினால் அவளுக்கு அடுத்தது கிடையாது. காலையிலிருந்து உமெஹாரா மூன்று தடவை அவளிடம் போனார். மூன்று தடவையும் மைதானத்துப் புல் வளர்ந்திருப்பதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார்.

கடைசியில் அவளே வந்தாள். "கோச், பசிக்குது. போலாமா?"

அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சீருடைகளை மடித்துக்கொண்டிருந்த என்னை உமெஹாரா பார்த்தார். "நீயும் வா. ஒத்த ஆளா நின்னு தடுக்க முடியாது."

கடையில் மாவைப் பற்றிப் பேசினார். தண்ணீரைப் பற்றிப் பேசினார். நாட்சுயோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"போதும் கோச். சும்மா பந்தை உருட்டிக்கிட்டே இருக்காதீங்க."

"உன் பேரு இல்லம்மா."

"யாரு?"

"மியு."

"தலையால முட்டச் சொன்னா கண்ணை மூடிக்குவாளே, அவளா?"

"அந்த வயசுல நீயும் மூடுவ."

"நீங்க மூடினதாலதானே அந்த ரெண்டாவது கோல் விழுந்துச்சு?"

உமெஹாராவுக்குப் புரையேறியது. அவள்தான் முதுகில் தட்டிவிட்டாள். சிரித்தபடியே இன்னொரு கிண்ணம் கேட்டாள். வந்ததும் குனிந்தவள், அது காலியாகும்வரை நிமிரவில்லை.

அது பாய் விரித்த கடை. காலணிகள் படிக்குக் கீழே கிடக்கும். பெரியவர்கள் எழுவதற்குள் இளையவர்கள் இறங்கி, அவர்கள் நேராகக் கால் நுழைக்க வசதியாகக் காலணிகளை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும். நாட்சுயோ பதறி எழுந்தாள். ஆனால் உமெஹாரா முந்திக்கொண்டு படியோரம் மண்டியிட்டிருந்தார். அவளுடைய ஷூக்களை வாசலைப் பார்க்கத் திருப்பி, இரண்டு நுனிகளும் ஒரே கோட்டில் நிற்கும்படி விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார்.