ஜோனைத் தேடின மூன்று நாள்

ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் தேடிக் கொடுக்கிற வேலை, கடற்கரை மணலில் விழுந்த தோட்டைத் தேடுகிற மாதிரி. கிடைத்தால் தோட்டுக்காரிக்குச் சந்தோசம், தேடினவனுக்கு முதுகு நோ. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பங்கு அலுவலகத்தில் ஆறு மாதமாக நான்தான் கிளாக்கர். மேசைக்கு உட்பக்கம் இருந்து பேச்சு வாங்குகிற உங்களுக்கு என் பாடு விளங்கும்.

பாஸ்போட்டில் உள்ளவர்

செசிலி அக்கா திங்கட்கிழமை வந்தா. மகனுக்குப் பிரான்சில் அடுத்த மாதம் கலியாணம். ஞானஸ்நான அத்தாட்சி போகாவிட்டால் அங்கத்தைய பாதர் கட்டி வைக்க மாட்டாராம். பெம்பிளை வீட்டார் ஏற்கெனவே முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கினமாம். பாஸ்போட் கொப்பியில் பெயர் ஜோன். அட்டவணையில் மூன்று தரம் பார்த்தும் அப்படி ஒருவர் இல்லை. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கலாம், எனக்குப் பஞ்சி, உடம்பு வளையவில்லை.

"கோயிலில வேற பேர் வைச்சனீங்களோ?" என்று கேட்டேன். "மாமான்ர பேர்தான் வைச்சது" என்றா. மாமா என்றால் புருசனுடைய தகப்பன். புருசனும் தகப்பனும் இப்போது உயிரோடு இல்லை. மாமாவின் பெயர் என்ன என்று கேட்டால் அக்கா கலண்டரைப் பார்க்கிறா. பேனையை நீட்டினேன், எழுதவும் இல்லை. மகனுக்குப் போன் அடித்தால் வேலை நேரம், எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, சத்தம் போட்டேன். அக்கா அசையவில்லை.

"மாமான்ர பேரை மருமோள் வாயால சொல்லுறதோ தம்பி? உங்களுக்கு ஆர் வேலை தந்தது?"

கோதுமைக் கப்பலில் மூன்று பேர்

அன்று பின்னேரம் கோதுமைக் கப்பல் மாலுமி ஒருவர் பூசைக்குக் காணிக்கை கொடுக்க வந்தார். பெயர் யுவான். எரிச்சலில் இருந்த நான், "இன்றைக்கு ஒரு ஜோனாலேயே தலையிடி" என்று அவரிடம் புலம்பினேன். மனுசன் சிரித்தார். தானும் ஜோன்தானாம். கப்டன் இவான், இஞ்சினியர் ஹான்ஸ், அவர்களும் ஜோன்தானாம். ஒரே புனிதரின் பெயர், நாட்டுக்கு ஒரு மாதிரி.

அப்படியென்றால் கப்பலில் கூப்பிடக் கரைச்சல் இல்லையா என்றேன். அவர் சொன்னது:

"ஒருத்தரைக் கூப்பிட்டால் மற்ற ரெண்டு பேரும் திரும்பியும் பாக்கிறதில்லை."

மீன்பெட்டிக்குப் பக்கத்தில்

செவ்வாய்க்கிழமை காலையில் கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவருகிற யஹ்யா நானாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சூரையை வெட்டிக்கொண்டே கேட்டவர், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"எங்கட யஹ்யா நபியத்தானே நீங்க அருளப்பர் எண்டு திருநாள் எடுக்கிற? அதுவும் அதே பேர்தான் சேர்."

தொலைபேசியில்

எனக்குத் தெரியாத விசயமில்லை. எபிரேயத்தில் அந்தப் பெயருக்கு 'ஆண்டவர் அருள் செய்தார்' என்று பொருள். மற்ற நாட்டார் ஓசையை எடுக்க, நம்மவர் பொருளை எடுத்து அருளப்பர் ஆக்கினார்கள். என்ன செய்ய, தேடுகிற நேரம் மூளை வேலை செய்யவில்லை. மீனை அப்படியே வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அட்டவணையில் 'அ' பக்கத்தில் அருளப்பு இருந்தான். தாய் செசிலி.

உடனே அக்காவுக்கு அடித்து, "மாமான்ர பேர் அருளப்போ?" என்றேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை தம்பி. நீங்கள்தான் சொன்னனீங்கள்."

பாதருக்கு முன்னால்

பிறப்பைப் பதியப் போன அன்றும் அக்காவுக்கு அந்தப் பெயர் வாயில் வராமல்தான், அதே புனிதரின் இங்கிலீசுப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறா. இப்போது ஜோனும் அருளப்பும் ஒரே ஆள் என்று பங்கிலிருந்து கடிதம் போகவேண்டும். அதற்குத் தாய் பாதருக்கு முன்னால் வாயால் சொல்லவேண்டும், அது எங்கள் வழக்கம்.

புதன்கிழமை அக்கா சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நின்றா. "ஜோன் எண்டிறதும்..." அதோடு நின்றுவிட்டது. திங்கட்கிழமை சத்தம் போட்டதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. கடிதத்தை நான் வாசிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினா. "மாமா, பிள்ளையின்ர கலியாணம், குறை நினையாதையுங்கோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு, "அருளப்பு எண்டிறதும் என்ர மோன்தான்" என்றா.

கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தவ, வாசலில் நின்று கண்ணைத் துடைத்தா.

"பெத்து முப்பது வருசம் தம்பி. என்ர பிள்ளைக்கு வைச்ச பேரை இண்டைக்குத்தான் சொல்லியிருக்கிறன்."

ஒரு பெயர் ஏழு கடல் தாண்டிப் போவது பெரிய காரியமில்லை, ஒரு மருமகளின் பல்லைத் தாண்டி வெளியே வருவதுதான் பாடு.